குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் சுதந்திர தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. வடிகால் தூர்வாரக் கோரி மனு கொடுத்தோம். பாதி வேலை முடிந்திருக்கிறது.

வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "சங்கத்துக்கு இது தேவையா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். வெற்றிலைக்குப் பேர்போன கும்பகோணத்தில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, குடிப்பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் முடிவு வெளியானது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் நடந்த காரியம் அது.

நம் முகாமுக்குப் பூக்கட்டும் அம்மா ஒருவர் வந்தார். இடது கன்னத்தின் உள்ளே, புகையிலை அடக்கும் அதே இடத்தில் வெள்ளைத் திட்டு. வழித்தாலும் போகவில்லை. "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்றார். ஆரம்பத்தில் வலிக்காது, அதனால்தான் யாரும் வருவதில்லை. சதை எடுத்துப் பார்க்க எழுதிக் கொடுத்தார்கள். ஒருநாள் வியாபாரம் கெடும் என்று தயங்கியவரை நம் உறுப்பினர் ஒருவர் கையோடு அழைத்துப் போனார். புற்று இல்லை, புகையிலையை விட்டுவிட்டு, தவறாமல் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பாக்குப் போடும் பெயின்டர் தம்பி ஒருவருக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை, மூன்று விரல்கூட நுழையவில்லை. சீட்டு வாங்கிப் போனவர் இன்றுவரை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, போனும் எடுப்பதில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வந்தவர்களில் பெரும்பாலோர் நம் உறுப்பினர்களே அல்ல. நோட்டீஸ் கொடுத்தோம், வாட்ஸ்அப்பில் போட்டோம். "எனக்கு அந்தப் பழக்கமில்லை" என்றார்கள். சரி, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையோ டிரைவரையோ அனுப்பியிருக்கலாமே?

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செலவு போகக் கையிருப்பு சொற்பம். இரண்டாண்டுச் சந்தா பாக்கி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. முகாமின் பந்தல், டீச் செலவுக்கே நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று.

முகாம் நடத்தித் தந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இடம் கொடுத்த மண்டப உரிமையாளருக்கும் நன்றி.

அடுத்த முகாமை உலகப் புற்றுநோய் தினமான பிப்ரவரி 4-ஐ ஒட்டி நடத்த எண்ணம். சீட்டு வாங்கியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தெருவுக்கு ஒருவர் வேண்டும். ஆள் இல்லாமல் முகாம் மட்டும் நடத்த எனக்கு மனமில்லை. பெயர் எழுதும் நோட்டு மேசையில் இருக்கிறது. ரசீது புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது.