ஸ்டேஷியாவைக் காத்து வருபவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சின்ட் யூஸ்டேஷியஸ் தீவைப் பற்றி நான் எழுதிவந்த தொடர் போன மாதத்தோடு முடிந்தது. படித்தவர்கள் பலர் நன்றி சொல்லி எழுதியிருந்தீர்கள். உண்மையில் அந்த நன்றி சேர வேண்டியவர்கள் வேறு சிலர். நான் அங்கே பிழைப்புக்காகப் போய் இருந்தவன். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதினேன். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அந்தச் சின்னத் தீவில் இவ்வளவு மிச்சம் இருக்கிறதென்றால் அது தானாக நடந்ததல்ல.

புதிதாக வருபவர்களுக்காக இரண்டு வரி. கரீபியக் கடலில் வெறும் 21 சதுர கிலோமீட்டர் நிலம், மூவாயிரத்துச் சொச்சம் மக்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஸ்டேஷியா. நெதர்லாந்தின் ஆட்சிக்கு உட்பட்டது, ஆனால் வீட்டிலும் தெருவிலும் பேசுவது ஆங்கிலம். 18ஆம் நூற்றாண்டில் அது வரியில்லாத் துறைமுகம். ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் வந்து போயின. சர்க்கரை, புகையிலை, வெடிமருந்து, துணிமணி எல்லாம் அங்கே கைமாறின. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்களும்தான். ஐரோப்பியர்கள் அதைத் 'தங்கப் பாறை' என்று அழைத்தார்கள்.

முதல் நன்றி சைமன் டாங்கர் மாளிகையில் அருங்காட்சியகம் நடத்தும் தீவின் வரலாற்று அறக்கட்டளைக்கு. பழைய வணிகர் ஒருவரின் வீடு அது. உப்புக்காற்றும் புயலும் மாறி மாறி வரும் ஊரில் அப்படி ஒரு வீட்டை நிமிர்ந்து நிற்க வைப்பதே பெரிய வேலை. பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் அதைச் செய்கிறார்கள். அங்கே ஒரு வயதான அம்மா என் உள்ளங்கையில் ஒரு நீல மணியை வைத்தார். கண்ணாடி மணி. ஐந்து பட்டை, நடுவில் துளை, வெளிச்சத்தில் பிடித்தால்தான் நீலம், இல்லாவிட்டால் கறுப்பு என்றே நினைப்போம். கடல் உருட்டி உருட்டி விளிம்பெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. 1863 ஜூலை 1ஆம் தேதி அடிமை முறை ஒழிந்த அன்று மக்கள் மலைமுகட்டில் நின்று இந்த மணிகளைக் கடலில் வீசினார்கள் என்பது தீவில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. "இது நாங்கள் சொல்லிக் கேட்டது. ஏட்டில் இருப்பது இது" என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார் அந்த அம்மா. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எனக்கு அது கைகொடுத்தது. அம்மா, உங்களுக்குக் கோடி நன்றி.

1776 நவம்பர் 16 அன்று 'ஆண்ட்ரூ டோரியா' என்ற அமெரிக்கக் கப்பல் குண்டு முழங்கிச் செலுத்திய வணக்கத்துக்கு மறுமரியாதையாக, தீவின் ஓரான்யா கோட்டையிலிருந்து 11 குண்டுகள் முழங்கின. ஆளுநர் யோஹானஸ் டி கிராஃபின் உத்தரவு. புதிதாகப் பிறந்த நாட்டின் கொடிக்குக் கிடைத்த அந்த மரியாதையைத் தீவு இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் பெயரில் 1939இல் வந்த பட்டயம் கோட்டையிலேயே இருக்கிறது. சரி, இது எல்லாப் பயணக் கையேட்டிலும் கிடைக்கும். அந்தக் கோட்டைக்குக் கீழே செங்குத்துச் சரிவு அரித்துக்கொண்டே வந்ததையும், அதைக் கட்டி நிறுத்தப் பெரும் பணி நடந்ததையும் அவை சொல்வதில்லை. சரிவில் கயிற்றில் தொங்கி வேலை பார்த்த தொழிலாளர்களுக்கும் என் வணக்கம்.

1781 பிப்ரவரி 3ஆம் தேதி பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ரோட்னி தீவைப் பிடித்தார். கிடங்குகளைச் சூறையாடியதோடு நிற்கவில்லை. யூத ஆண்களைத் தனியே கூட்டி நிறுத்தி, சட்டை மடிப்புகளைக் கிழித்துக் காசு தேடினார்கள். முப்பது பேரைப் பெண்டு பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடாமல் நாடு கடத்தினார்கள். அந்த யூதர்கள் தொழுத 1739ஆம் ஆண்டின் ஹோனன் டாலிம் ஆலயம் கூரையில்லாமல் நிற்கிறது. ஹாலந்திலிருந்து கப்பல் நிலைத்து நிற்பதற்காகப் பாரமாக ஏற்றிவந்த மஞ்சள் செங்கல், சாயங்கால வெயிலில் பார்க்க அவ்வளவு அழகு. சரிந்த சுவர்களை நிமிர்த்திய கொத்தனார்களுக்கும், பக்கத்து இடுகாட்டில் எபிரேய எழுத்துள்ள கல்லறைகளைப் புதர் மூடிவிடாமல் வெட்டிச் சுத்தம் செய்பவர்களுக்கும் நன்றி. ஸ்டேஷியாவில் அந்தச் சமூகம் 19ஆம் நூற்றாண்டோடு கலைந்து போய்விட்டது. உறவென்று சொல்ல யாரும் இல்லாத கல்லறைகளை ஊர்க்காரர்கள் தங்களுடையதாக எடுத்துப் பார்க்கிறார்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது. 2021இல் விமான நிலையத்தை ஒட்டி மண் எடுக்கத் தோண்டியபோது 18ஆம் நூற்றாண்டின் இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. கோல்டன் ராக் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் இடுகாடு. ஜூன் தொடக்கத்துக்குள் 48 எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டுவிட்டன. பெரும்பாலும் ஆண்கள், சில பெண்கள், கைக்குழந்தைகளும். ஒரு சவப்பெட்டியின் மூடிமேல் 1737ஆம் ஆண்டு நாணயம், இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்தது. யாரோ ஒருவர் தமக்கு வேண்டியவருக்காக அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடிமையாக இருந்தவரின் கையில் ஒரு நாணயம் சேர எத்தனை காலம் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தூரிகையும் சிறு கரண்டியுமாகக் கொளுத்தும் வெயிலில் குந்தியிருந்து அந்த எலும்புகளை உடையாமல் வெளியே எடுத்த தொல்லியலாளர்களுக்கு நன்றி. 2004 முதல் தீவிலேயே ஒரு தொல்லியல் மையம் இயங்குவதால்தான் இயந்திரம் அள்ளிக்கொண்டு போவதற்கு முன் ஆள் நின்று பார்க்க முடிந்தது.

அதே மூச்சில் இன்னொரு நன்றி, இன்னும் கொஞ்சம் உரக்க. "இவர்கள் எங்கள் முன்னோர்கள். எங்களைக் கேட்காமல் எப்படித் தோண்டினீர்கள்?" என்று எழுந்து நின்ற ஸ்டேஷியா மக்களுக்கு. அவர்கள் விடாமல் கேட்டதால் அகழ்வு நிறுத்தப்பட்டது, தனிக் குழு அமைத்து விசாரித்தார்கள். இதைச் சிலர் அறிவியலுக்கு எதிரான கூச்சல் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களை அடக்கம் செய்த இடத்தில் யாராவது கேளாமல் மண்வெட்டி வைத்தால் நாம் சும்மா இருப்போமா? இருநூறு ஆண்டு தள்ளிப் போய்விட்டதால் உறவு அற்றுவிடுமா? கோட்டைச் சுவருக்குக் கிடைக்கும் கவனம், அந்தச் சுவரைச் சுமந்து கட்டியவர்களின் எலும்புக்கும் கிடைக்க வேண்டும். காலனிய வரலாற்றைக் காப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை முதலில் இதுதான். கோடே தோட்டத்துக் கரையோர இடுகாட்டைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது. அங்கேயும் போய் நின்று குரல் கொடுப்பவர்கள் இவர்களேதான். 1848இல் விடுதலை கேட்டு ஆளுநர் வீட்டு வாசலுக்குப் போன தாமஸ் டுபெர்சாயின் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களும் இவர்களே.

தி ஹேக் நகரில் இருக்கும் என் தோழிக்கு நான் பட்ட கடன் தீராது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதிலேயே நெதர்லாந்து போனவர். அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, கொக்கி கொக்கியான பழைய டச்சுக் கையெழுத்தை எனக்காக வாசித்தார். தோட்டச் சொத்துப் பட்டியல்களில் சர்க்கரை காய்ச்சும் செம்புக் கொப்பரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் நடுவில் ஆட்களின் பெயர்கள் வரும். அந்தப் பெயர்களைத் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டும்போது அடிக்கடி நிறுத்திவிடுவார். நானும் பேசாமல் காத்திருப்பேன். அப்புறம் தொடர்வார். நன்றி அக்கா.

தீவின் ஊரில் மேட்டுப் பகுதியான மேலூரில் எனக்கு அறை தந்து, மழைநீர்த் தொட்டியில் தண்ணீர் குறைந்த மாதங்களிலும் முகம் சுளிக்காத வீட்டுக்காரம்மாவுக்கு நன்றி. கரையோரப் பகுதியான கீழூரில் கடலுக்குள் கிடக்கும் கிடங்குச் சுவர்களைத் தண்ணீருக்கடியில் படமெடுத்துக் கொடுத்த முக்குளிப்பு நண்பருக்கு நன்றி. எழுத்துப்பிழை திருத்தியவர்களுக்கும், தேதிகளைச் சரிபார்க்கச் சொல்லி விடாமல் எழுதியவர்களுக்கும்கூட.

நான் எடுத்த படங்கள், பேசிப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் எல்லாவற்றின் பிரதியையும் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டேன், பேசியவர்களின் சம்மதத்தோடு. ஒரு வேண்டுகோளும் உண்டு. எண்ணெய்க் கப்பல்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் யாராவது ஸ்டேஷியாவின் எண்ணெய் முனையத்துக்கு முன்பு எப்போதாவது போயிருந்தால், கடற்கரையும் கீழூரும் விழுந்த பழைய படங்கள் உங்களிடம் இருக்கலாம். கரை எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளக்க அவை உதவும். தேதியோடு எனக்கு அனுப்புங்கள், சேர்க்க வேண்டியவர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஸ்டேஷியா தொடரை எழுதியவன்