மெஷின் வந்துருச்சு, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவங்க எங்க போவாங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல தொழிலாளிங்களுக்குக் குடுக்கிற லைன் வீட்டுல பொறந்து வளர்ந்தவன், 1964-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்த குடும்பம், அம்மா முப்பது வருஷமா கொழுந்து பறிக்கிறாங்க. இப்ப தோட்டத்துல ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சு ஓட்டுற, கொழுந்து வெட்டுற பெட்ரோல் மெஷின் இறங்கிருச்சு, அது வந்ததுல இருந்து அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலை.

ஆள் கிடைக்கலன்னு முதலாளிங்க சொல்றது பொய் இல்ல, எங்க வயசு பசங்க பாதி பேர் திருப்பூர், கோயமுத்தூர்னு போயாச்சு. ஆனா இருக்கிறவங்க வேலையையும் பிடுங்கினா எப்படி? அம்மா விரல் கறை பிடிச்சு கருத்துப்போய் இருக்கும், பக்கத்து ஆளோட பேசிக்கிட்டே செடியைப் பார்க்காமலே ரெண்டு இலை ஒரு மொட்டு மட்டும் கிள்ளுவாங்க. மெஷின் முத்தின இலை, காம்புன்னு எல்லாத்தையும் சேர்த்து வெட்டிப் பையில போடுது, அப்புறம் அதைத் தார்ப்பாய்ல கொட்டி பிரிக்கிறதுக்கு அதே பொம்பளைங்கள உட்கார வைக்கிறாங்க. மெஷின் ஓட்டுறது மட்டும் ஆம்பளைங்க.

ஒரு ஆளே ஓட்டுற லேசான பேட்டரி மெஷின் இருக்கு, அதுல பொம்பளைங்களுக்கு ட்ரெயினிங் குடுங்க. வேலை போனா லைன் வீடும் போயிரும்ங்கிற பயத்துல யாரும் வாய் திறக்க மாட்டேங்கிறாங்க, அடுத்த கூலி பேச்சுவார்த்தையில மாசத்துக்கு இத்தனை நாள் வேலை உறுதின்னு எழுதி வாங்க தொழிற்சங்கங்கதான் முன்னாடி வரணும்.

- ஒரு வாசகர், கோத்தகிரி