வராத புல்லியை வரவழைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஜீப்பின் கிராங்க் புல்லி, அதாவது என்ஜினின் முன்னால் கிராங்க் தண்டில் பூட்டிய பெல்ட் சக்கரம், முழுசாகக் கழன்று வந்துவிட்டது. ரப்பர் வளையம் கலையவில்லை, அலுமினியக் கவர் விரியவில்லை, கிராங்கின் மரையும் கெடவில்லை. அவசரப்பட்டிருந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது போயிருக்கும். போகாமல் காத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். யார் யார் என்ன செய்தார்கள் என்பதை அளவோடு எழுதுகிறோம். நுவரெலியாப் பக்கம் 300 டிடிஐ என்ஜினோடு ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை ஒருநாள் வந்தே தீரும்.

இந்த 2,495 சிசி டீசல் என்ஜினில் கேம் ஷாஃப்டையும் டீசல் பம்பையும் சுற்றுவது ஒரே டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிபடும். 1,20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றச் சொல்கிறது கையேடு. தூசியிலும் கடும் ஏற்றத்திலும் ஓடும் வண்டிக்கு அதில் பாதி. பெல்ட்டைப் பார்க்க வேண்டுமானால் முன்கவரைக் கழற்ற வேண்டும், கவரைக் கழற்றப் புல்லி வெளியே வர வேண்டும். கவரின் அடியில் உள்ள சிறு துளைக்குள் விரலை விட்டபோது கறுப்பு ரப்பர் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பெல்ட் ஓரம் தேய்கிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. முதலில் வந்த 300 டிடிஐ என்ஜின்களில் பெல்ட் நேர்கோட்டில் ஓடாமல் ஓரம் தின்னும் குறை இருந்தது பலருக்கும் தெரியும். ஆகவே தள்ளிப்போட முடியாத வேலை.

முதல் நன்றி, தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு. மூன்றுகால் புல்லரை (சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் கருவி) புல்லியின் விளிம்பில் மாட்டி முறுக்கப் போன நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்தியவர் அவர். இந்தப் புல்லி ஒரே வார்ப்பு இல்லை. உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு கனத்த வளையம், இரண்டுக்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். கிராங்கின் அதிர்வைத் தின்னும் டேம்பர் அது. விளிம்பைப் பிடித்து இழுத்தால் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும், ரப்பர்தான் கிழியும். கிழிந்தது அப்போது கண்ணுக்குத் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வளையம் வழுக்கிப் பெல்ட்டைத் துப்பும். பின்பக்கம் பாரைக் கொடுத்து நெம்புவதும் அதே அளவுக்குத் தப்பு. பார் ஊன்றும் இடம் அலுமினியக் கவர்.

ஐயா சொன்ன இன்னொன்று ஸ்டார்ட்டர் பற்றியது. சாக்கெட் பாரைச் சேசிஸில் ஊன்றிவிட்டு, பம்பின் ஸ்டாப் சொலனாய்டு வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டி, புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட்டை இளக்குவார்கள். பல கராஜ்களில் நடக்கிற வேலைதான். ஆனால் பார் நழுவினால் ரேடியேட்டர் போகும், ஆள் பக்கத்தில் இருந்தால் கை போகும். வேண்டாம் என்றார். வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்தும்.

கியர் விஷயத்தைத் திருத்திய லொறி டிரைவர் தம்பிக்கு அடுத்த நன்றி. அந்த போல்ட்டை முறுக்கும்போது கிராங்க் சுற்றாமல் இருக்க, லோ ரேஞ்சில் முதல் கியரைப் போடுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அது தலைகீழ் யோசனை. லோவில் முதல் கியர் போட்டால் கிராங்கில் கொடுக்கும் முறுக்கம், முன் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வாசலுக்கு வரும்போது சுமார் 12 மடங்காகிவிடும். ஹேண்ட்பிரேக் டிரம் அங்கேதான் இருக்கிறது, அது தாங்காது. ஐந்தாம் கியர் 0.77, ஹை ரேஞ்ச் 1.41. பெருக்கினால் 1.09 தான். அதாவது கிராங்கில் 400 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் டிரம்மில் சுமார் 435. முன், பின் ஷாஃப்டுகளை ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக்கையும் போட வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கத்தை மட்டும் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கை மீறி முன் ஷாஃப்ட் சுற்றப் பார்க்கும். ஃபிளைவீல் ஹவுசிங்கின் அடியில் போடும் டைமிங் பின்னைப் பூட்டாக நினைத்துவிடக் கூடாது. அது அடையாளத்துக்கு மட்டும். அதை நம்பி முறுக்கினால் பின் வெட்டுப்படும், அல்லது ஹவுசிங் உடையும்.

கியர் துணைக்குத்தான். உண்மையில் புல்லியைப் பிடித்துக்கொண்டது லேத் பாஸ் செய்து கொடுத்த இரும்புப் பட்டை. அவருக்கு நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. 10 மி.மீ. கனம், 60 மி.மீ. அகலம், 1 மீட்டர் நீளம். ஒரு முனையை வட்டமாக்கி, சாக்கெட் நுழையும் துளையும் அதைச் சுற்றி எம்8 (8 மி.மீ.) போல்ட்டுக்கான நான்கு துளைகளும் போட்டார். புல்லி முகத்தில் மரையிட்ட துளைகள் இருக்கின்றன. நான்கிலும் போல்ட் போட வேண்டும். இரண்டு போல்ட்டோடு முறுக்கினால் அவை வெட்டுப்படும் எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும். ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் கழற்றி இடம் பண்ணிய பிறகு பட்டையை வண்டியின் வலப்பக்கமாக நீட்டி, மரக்கட்டைமேல் ஊன்றினோம். போல்ட் சாதாரண வலமரை. முன்னால் நின்று பார்த்து இடஞ்சுழியாக முறுக்கும்போது பட்டை தானாகவே கட்டையில் அழுந்தும்.

முக்கால் அங்குல பார், அதன்மேல் ஒன்றரை மீட்டர் பைப், ஆறுமுக சாக்கெட். பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தொடவே வேண்டாம், தலையை மழுக்கிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் பைப் நுனியில் சாய்ந்தால் 1,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் கிடைக்கும். துள்ளித் துள்ளி அமுக்காமல் எடையை மெதுவாக ஏற்ற வேண்டும். காற்று கன்னைக் கொண்டுவந்து இரண்டு தடவை முயன்ற டயர் கடை நண்பருக்கும் நன்றி. கன் பழுதில்லை. நீண்ட எக்ஸ்டென்ஷன் அடியைத் தின்றுவிட்டது, ஹோஸும் ஒல்லி.

போல்ட் வந்தது, புல்லி வரவில்லை. கிராங்க் மூக்கில், புல்லி வழுக்காமல் இருக்கக் காடியில் பதித்த சாவி என்ற இரும்புத் துண்டைச் சுற்றித் துரு. இங்கேதான் பாஸ் இரண்டாவது சாமானைச் செய்தார். 20 மி.மீ. தகட்டில் வட்டத் துண்டு, நடுவில் எம்20 மரை, சுற்றிலும் நான்கு எம்8 துளை. நடு போல்ட் நேராகக் கிராங்கின் உள்மரையில் போய் முட்டினால் முதல் மூன்று மரை நசுங்கிவிடும், பிறகு புல்லி போல்ட்டே ஏறாது. அதனால் காளான் மாதிரி ஒரு இரும்பு முளை கடைந்தார். காம்பு துளைக்குள் தளர்வாக இறங்கும், தலை கிராங்கின் முகத்தில் உட்காரும், புல்லிக் குடத்தின் துளைக்குள் இடிக்காமல் போகும். நடு போல்ட் முட்டுவது அந்தத் தலையில்.

எம்8 போல்ட்டின் நீளத்துக்குக் கம்பியை விட்டு ஆழம் பார்த்த பையனை மறக்க மாட்டோம். சின்ன வேலைதான், ஆனால் அவன் அதைச் செய்யாவிட்டால் நீண்ட போல்ட் புல்லியைத் துளைத்துப் போய்க் கவரைக் குத்தியிருக்கும். குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும், மறுபுறம் வெளியே வரக் கூடாது. தலையில் 8.8 என்று அடித்த போல்ட் ஒன்று சுமார் 2 டன் இழுவையைத் தாங்கும். நடு போல்ட்டுக்கு கிரீஸ் பூசி 200 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் 5 டன்னுக்கு மேல் இழுக்கும். நான்கு எம்8 போல்ட்டும் பங்கு போட்டால் தாங்கும், இரண்டை மட்டும் நம்பினால் அறுந்து பறக்கும்.

முந்தின ராத்திரியே பாதி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் (ஏடிஎஃப்), பாதி அசிட்டோன் கலந்து சாவிப் பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தோம். பெல்ட்டில் பட்டாலும் பரவாயில்லை, அது எப்படியும் மாறப் போகிறது. கேஸ் விளக்கு வைக்கவில்லை. ரப்பரும் பின்னால் உள்ள சீலும் பக்கத்தில் இருக்கின்றன. அதற்குப் பதில் தேநீர்க் கடை அக்கா கேத்தல் கேத்தலாகக் கொதிநீர் தந்தார். குடத்தைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் ஊற்றினோம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். குளிர் இரும்பு அவ்வளவு சூடேறினால் 35 மி.மீ. துளை 0.03 மி.மீ. விரியும். கேட்கச் சின்னதாக இருக்கிறது, துருப் படலத்துக்கு அது போதும். கிராங்கும் சூடாவதற்குள் முறுக்க வேண்டும், அதுதான் சூட்சுமம்.

முறுக்கி, நடு போல்ட் தலையில் 1 கிலோ சுத்தியலால் ஒரே ஒரு தட்டு, பத்து நிமிடம் சும்மா இருப்பது, மறுபடி கால் சுற்று. மூன்றாவது கேத்தலில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், புல்லி 2 மி.மீ. முன்னால் நின்றது. தகட்டுக்கு நேர் எதிரே யாரையும் நிற்க விடாமல் ஓரமாக நிறுத்தியதும் ஐயாதான். கிராங்கை ஓங்கி அடிப்பதை மட்டும் எவரும் செய்ய வேண்டாம். அந்த அடி முழுவதையும் வாங்குவது, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷர்.

கிராங்க் மூக்கில் குங்குமம் போலச் சிவப்புப் பொடி அப்பியிருந்தது. மழைத் துரு இப்படி இருக்காது. புல்லி நுண்ணியதாக ஆடி ஆடி உரசினால்தான் இந்தப் பொடி வரும். போன தடவை போல்ட்டை முறுக்கியவர்கள் பாகையை விட்டுவிட்டிருக்க வேண்டும். 300 டிடிஐக்கு முதலில் 80 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் இன்னும் 90 பாகை (கால் சுற்று) திருப்ப வேண்டும். 80-ல் நிறுத்தினால் சாவி மட்டும் சுமையைச் சுமந்து, காடியை அகலமாக்கிவிடும். முந்தின 200 டிடிஐ என்ஜினுக்கு இந்த அளவைப் போடக் கூடாது, அதற்கு ஒரே மூச்சில் 340. டார்க் ரெஞ்சை இரவல் தந்த பாகங்கள் கடை முதலாளிக்கு இந்த இடத்தில் நன்றி. 90 பாகைக்கு சாக்கெட்டில் வெள்ளைக் கோடு போட்டுக் கால் சுற்று திருப்பினோம்.

மூக்கை 400 நம்பர் எமரித் தாளால் கையாலேயே துடைத்தோம், அரம் வைக்கவில்லை. புதுச் சாவியைக் காடியில் வைத்து விரலால் அசைத்துப் பார்த்தோம், ஆடவில்லை. குடத்தின் உள்ளே மெல்லிய கிரீஸ். குடத்திலிருந்து வெளி வளையம் வரை ரப்பரைத் தாண்டி ஒரே பெயிண்ட் கோடு இழுத்திருக்கிறோம். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்தக் கோடு ஒடிந்திருந்தால் வளையம் வழுக்குகிறது, புல்லியை மாற்ற வேண்டும்.

பட்டையும் தகடும் முளையும் லேத் பட்டறையில் ஆணியில் தொங்குகின்றன. தேவைப்படுகிறவர்கள் எடுத்துப்போகலாம் என்று பாஸ் சொல்லியிருக்கிறார். எம்8 போல்ட் நான்கை மட்டும் புதிதாக வாங்கி வாருங்கள், ஒருமுறை இழுபட்டதை மறுபடி போட வேண்டாம்.

மிக்க நன்றியுடன்,
ஜீப்பைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள்