கிராங் மாற்றுமுன் இடைவெளியை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரணைமடு வயற்சேற்றில் மெஸ்ஸி பெர்குசன் 135 உழவு இயந்திரம் குறைந்த சுற்றிலேயே இழுப்பதற்கு, 91.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள அதன் சிலிண்டரில் பிஸ்டன் 127 மில்லிமீற்றர் ஓடுவதும் ஒரு காரணமாகும். அதே இழுவையை நாடி என் பழைய பெற்றோல் ஜீப்புக்கு வீச்சு (பிஸ்டன் ஓடும் தூரம்) கூடிய கிராங், அதாவது பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் தண்டு, போட்டபோது, வீச்சு 4 மில்லிமீற்றர் கூடினால் பிஸ்டன் 2 மில்லிமீற்றர் மேலேறும் என்பதை வேலைத்தலத்தில் எவரும் கணக்கிடவில்லை. முதல் திருப்பலிலேயே பிஸ்டன், சிலிண்டரின் மூடியான ஹெட்டில் முட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இணைப்பு ஊசிக்கான (pin) துளை உயர்ந்த பிஸ்டன்களையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் குறைந்த சுற்றுக்கேற்றதையும் போட்ட பின்னரே, ஜீப் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் நெல் மூடைகளுடன் கியர் குறைக்காமல் ஓடுகிறது. எரிபொருள் மிச்சம் நிதானமாக ஓட்டுபவருக்கே கிடைக்கும்; மிதித்தால் பெருத்த இயந்திரம் கூடுதலாகவே குடிக்கும். கராச் வைத்திருப்போர் ஹெட்டை இறுதியாக மூடுமுன் பிஸ்டன்மேல் களிமண் வைத்து, ஹெட்டை ஒருமுறை பொருத்திச் சுற்றிப் பார்த்து, களிமண்ணில் பதிந்த தடத்தால் வால்வுக்கான இடைவெளியை அளந்து, வண்டிக்காரருக்குக் காட்டுமாறு வேண்டுகிறேன்.

கிளிநொச்சி வாசகர் ஒருவர்