பளபளப்புப் பூச்சும் நம்ம மலை ஈரமும்

ஹட்டன்

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோத்தகிரியிலும் மழை விடவில்லையாமே. இங்கே தென்மேல் பருவமழை பிடித்ததிலிருந்து வெயிலைக் காணோம். தேயிலைக் கொழுந்து பரவாயில்லை. மகள் பேராதனையில் கடைசி வருடம் படிக்கிறாள். அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் உங்கள் குடும்பம் நிற்கிற அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். தோட்ட ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் விழுந்து, தலைமன்னார்க் கோச்சி (ரயில்) ஏறுமுன் எடுத்த படம். 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோக, அந்த வழியே அடைபட்டுப் போனது. உங்கள் அப்பா இந்த மண்ணில் நின்றதற்கு உன்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதனால் இதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

புதிதாக அடித்த பிரதியில் அப்பாவின் கோட்டு, படத்தைச் சாய்த்துப் பார்த்தால், செம்புத் தகடு போல மின்னுகிறது என்கிறாய். அது இன்க்ஜெட் பிரிண்டரில் போடும் பிக்மென்ட் மையின் குணம். இன்னொரு வகையான டை மை, கரைந்த சாயம் என்பதால், தாளின் பூச்சுக்குள் ஊறிவிடும். பிக்மென்ட் மையோ நுண்ணிய துகள்களாகத் தாளின் மேலேயே தங்கும். மை கனத்த இடம் ஒரு விதமாகவும், மை விழாத வெள்ளை இடம் வேறு விதமாகவும் ஒளியைத் திருப்பும். விரல் பட்டால் கீறலும் விழும். ஆனால் நிறம் நீண்ட நாள் நிற்பது இந்த மையில்தான், அதனால் இதை மாற்றாதே.

இதற்காகவே சில பிரிண்டர்களில் நிறமில்லாத ஒரு திரவத்துக்குத் தனிக் காட்ரிட்ஜ் இருக்கும். பழைய எப்சன் ஆர் 800இல் அதை 'குளோஸ் ஒப்டிமைசர்' என்றார்கள், கெனனில் 'குரோமா ஒப்டிமைசர்'. மை விழும்போதே தெளிவான பிசினும் சேர்ந்து விழுந்து மேடு பள்ளத்தை நிரவிவிடும். செம்பு மினுக்கம் அடங்கும், கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரியும், உரசலையும் ஓரளவு தாங்கும். பூச்சைத் தாள் முழுவதும் போடும்படி அமைத்தால் வெள்ளை ஓரமும் ஒரே சீராக மின்னும். பளபளப்புத் தாளுக்கு மட்டும்தான் இது, மினுக்கமில்லாத மெட் தாளில் வீண். நிறமற்ற திரவம் என்பதால் மை வரும் நுண்துளையான நொசல் அடைத்தாலும் சட்டென்று தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் கோடு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பிரே வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்டாய். மழை மாதத்தில் வேண்டவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சு பாலாடை கட்டியதைப் போல வெளுத்துவிடும். மூடுபனி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிற ஊரில் பிரிண்டரே போடுகிற பூச்சுத்தான் எனக்குப் பிடித்தது. சூடு லெமினேட்டும் வேண்டாம். சரியாகக் காயாத மையின் ஈரத்தை அது உள்ளேயே அடைத்துவிடும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்தப் பூச்சு ஒளியைச் சீராக்கும், ஈரத்தைத் தடுக்காது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எத்தனை தாத்தா பாட்டிகளின் முகம் கண்ணாடியோடு ஒட்டி உரிந்து போயிருக்கிறது! படம் கண்ணாடியைத் தொடுவதுதான் அங்கே காரணம். நாலு பக்கமும் தடித்த மவுண்ட் அட்டை கொடுத்து இடைவெளி விடச் சொல். அடித்த படத்தை உடனே சட்டத்தில் போடாதே. சாதாரணத் தாளை மேலே வைத்து ஒரு நாளாவது விடு, மழை என்றால் இன்னும் கூட. மையிலுள்ள கரைப்பான் மெல்ல வெளியேறட்டும். இல்லாவிட்டால் பிறகு கண்ணாடியின் உட்புறம் புகை படிந்தது போலாகும்.

ஸ்கேன் செய்த கோப்பை எனக்கு அனுப்பிவிடு, சுருக்காமல் முழு அளவில். என் கடைப் பிரிண்டரில் நானே அடித்து, காய வைத்து, மவுண்ட் அட்டையும் வெட்டி அனுப்புகிறேன். காசு பற்றிப் பேசாதே. எந்தச் சுவரில் மாட்டப் போகிறாய், அங்கே வெயில் படுமா, சுவர் ஈரம் வேர்க்கிறதா என்பதை மட்டும் எழுது. அதைப் பார்த்துத்தான் சட்டத்துக்குப் பின்பலகை தெரிவு செய்ய வேண்டும்.

உன் கூட்டாளி