வில்லிசை கேட்பவர் முரடரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உக்கிரமான இசையை ரசிப்பவர் முரட்டுக் குணம் கொண்டவர் என்ற தொனியில் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை வருத்தம் அளித்தது. ரசனையையும் ஆளுமையையும் ஒப்பிட்டு 2003-இல் ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அத்தகைய இசையை விரும்புவோரிடம் புதியவற்றை ஏற்கும் மனமே அது கண்டது. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர் என் பெரியப்பா. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் நள்ளிரவு தாண்டி வில்லுப்பாட்டு சூடுபிடித்து, குடம் அடிப்பவரின் கை வேகமெடுத்தால் போதும், துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிடுவார், கண்கள் நிறைந்திருக்கும்.

ஆனால் அந்த ஆய்வும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் பெரிதும் திரட்டிய தகவல்தான்; அதை வைத்து எங்கள் ஊராரை எடைபோட வேண்டாம். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் கொடைக் காலத்தில் நெல்லைக் கிராமங்களுக்கே வந்து இதை ஆராய வேண்டும்.

- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்