களைப்பைக் கேட்கிற வினாக்கொத்து

அன்பின் மச்சான்,

உன் மெயிலுக்கு இப்போதுதான் பதில் எழுத முடிந்தது. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் உப்புவெளி ரோட்டில் ஒரு சனம் இல்லை. அம்மா சுகம், முழங்கால்தான் படுத்துகிறது.

நீ விசாரித்த வினாக்கொத்து வேலை, நோயாளியின் களைப்பை அளக்கிற ஆங்கில வினாக்கொத்தைத் தமிழாக்குகிற வேலை, ஓடுகிறது. எடுத்திருப்பது ஃபேசிட் களைப்பு அளவுகோல்: 13 கூற்றுகள், கடந்த 7 நாட்களை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை பதில், மொத்தம் 52, புள்ளி கூடினால் களைப்புக் குறைவு. புற்றுநோயாளரின் இரத்தசோகைக்கென்று அமெரிக்காவில் செய்தது, இப்போது வேறு நாட்பட்ட நோய்களுக்கும் பாவிக்கிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, அதை ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, குழு ஒப்பிட்டுப் பார்த்து, அப்புறம் நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும். திரும்ப ஆங்கிலமாக்கியது அச்சொட்டாக வந்ததும் குழுவில் எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு அந்தப் படியில் பெரிய நம்பிக்கை இல்லை. வசனம் பிசகாமல் திரும்பி வந்துவிடும், நோயாளி வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பகலில் நித்திரை தேவைப்படுகிறதா என்று ஒரு கூற்று. கிண்ணியாவில் ஒரு மீனவர் யோசிக்கவே இல்லை, ‘மிக அதிகம்’ என்பதில் புள்ளடி போடச் சொன்னார். ஏன் என்றால், "ராவெல்லாம் கடல்ல நின்டா பகல்ல படுக்காம என்ன செய்ற?" வருத்தம் வருமுன்பும் அவருடைய பதில் அதுதானே. இன்னொரு அம்மா, களைப்பால் வெளியே போய்வருவதைக் குறைத்தீர்களா என்ற இடத்தில் ‘இல்லவே இல்லை’ என்றார். சொல்லி முடிக்குமுன் இரண்டு தரம் மூச்சு வாங்க வாங்கில் சாய்ந்தார். துருவிக் கேட்டால், கோயிலுக்குப் போவதில்லை, அயலில் கதைக்கப் போவதில்லை, செத்தவீட்டுக்கு மட்டும் எப்படியும் போவாராம், அவருக்கு வெளியே போவது என்றால் அது ஒன்றுதான் கணக்கு. இதைத் திரும்ப ஆங்கிலமாக்குகிறவர் எங்கே பிடிப்பார்?

பக்கத்தில் இருக்கிற புருசன்மார் வேறு. "அவ நல்லா இருக்கா டொக்டர்" என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். இப்போது தாதி அவர்களை மருந்து எடுக்க அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறார். நோன்பு மாதத்தில் தரவு சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். நோயாளிக்கு விலக்கு உண்டு, ஆனாலும் பிடிக்கிறவர்கள் பிடிக்கிறார்கள், அந்த 7 நாளில் எது நோயின் களைப்பு, எது நோன்பின் களைப்பு என்று யார் பிரிப்பது?

குழுவில் ஒருவர் பகல் நித்திரைக் கூற்றைத் தூக்கிவிடலாம் என்கிறார். நான் விடவில்லை. ஒன்றைத் தூக்கினால் 52 இல்லை, வேறு நாட்டு நோயாளிகளோடு ஒப்பிடவும் முடியாது. கூற்று அப்படியே இருக்கட்டும், இரவுத் தொழிலா என்று பின்னால் தனியாகக் கேட்டு எழுதி வைப்போம் என்பது என் கட்சி. இங்கேதான் உன் உதவி வேண்டும். ஒரே அளவு களைப்புள்ள மீனவரும் கடைக்காரரும் அந்த ஒன்றுக்கு மட்டும் வேறு வேறாகப் பதில் சொல்கிறார்களா என்று கணக்குப் போட்டுப் பார்க்க உனக்குத் தெரியும், எனக்கு அந்த மென்பொருளைத் திறந்தாலே தலையிடி. எத்தனை பேரின் பதில் இருந்தால் உனக்குப் போதும் என்று முதலில் எழுது, அதற்கேற்றபடி மூதூர்ப் பக்கமும் போய்வர வேண்டுமா என்று முடிவெடுக்கிறேன். ஆடியில் வருகிறாயா இல்லையா, அதையும் சொல்லு.